செஞ்சியின் அணிவேலையும் அதற்கு வாய்த்த சொற்களும்

செஞ்சியின் வரலாறு பெரும்பாலும் கோட்டையின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதிலை யார் எப்போது கைப்பற்றினார், யாரிடம் இழந்தார் என்பதே அதன் காலவரிசையாக நிலைத்துவிட்டது. நாயக்கரிடமிருந்து பீஜப்பூர்ப் படை அதைப் பறித்ததும், 1677இல் சிவாஜி அதைக் கொண்டதும், சிவாஜியின் மகன் ராஜாராமை வளைத்த நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் உள்ளே நுழைந்ததும், 1750இல் பிரெஞ்சுக்காரரான புஸ்ஸி ஒரே இரவில் அதைப் பிடித்ததும், 1761இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் நூல்தோறும் விரிவாகக் காணக்கிடைக்கின்றன. இந்த நிகழ்ச்சிகளுக்கு நாளும் கிழமையும் உண்டு. ஆனால் மதிலுக்குள் நிற்கும் கோயில்களும் மண்டபங்களும் மாளிகைகளும் யாரால் எந்த ஆண்டில் எழுப்பப்பட்டன என்று கேட்டால், கிடைக்கும் விடைகளில் பெரும்பகுதி ஏடுகள் திரட்டிய மெக்கன்சியின் காலத்தில் நாராயணப் பிள்ளை தொகுத்த கர்நாடக ராஜாக்கள் சரித்திரம் போன்ற பிற்கால நினைவேடுகளிலிருந்து வருவதேயன்றிக் கட்டடத்தின் மேலேயே வெட்டப்பட்ட சாசனங்களிலிருந்து வருவது குறைவு. எனவே செஞ்சிக் கட்டடங்களின் காலத்தைக் கணிக்க முற்படுவோர், தூணின் தலைப்பில் எந்த வடிவம் இருக்கிறது, கொடுங்கையில் எந்த அணி செதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தே முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்ப்பதற்கு அந்த வடிவங்களுக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயர்கள் சிற்பியின் வாயிலிருந்து ஆங்கில, பிரெஞ்சு நூல்களின் பக்கங்களுக்கு எவ்வாறு சென்றன, வழியில் எவை உதிர்ந்தன என்பது செஞ்சியை மையமாக வைத்துச் சொல்லத்தக்க ஒரு கதை.

செஞ்சி வட்டாரத்தில் கல்லில் அணிவேலை தொடங்கிய காலம் கோட்டைக்கு மிகவும் முற்பட்டது. விழுப்புரம்–செஞ்சி வழிக்கருகில் உள்ள மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் வடமொழிச் சாசனம், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றித் தான் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் இக்கோயிலை அமைத்ததாக விசித்திரசித்தன் என்னும் அம்மன்னன் பெருமையுடன் கூறுவதாக அமைந்துள்ளது. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து. அதனைக் கொண்டு உருவம் வனையும் கலையும் அதே பெயரால் வழங்கும். ஏழாம் நூற்றாண்டின் மன்னன் ஒருவன் சுதையைத் தவிர்த்ததைச் சாதனையாகச் சொன்னான் என்றால், அதற்கு முன்னர்க் கோயில் என்பதே செங்கல்லும் மரமும் சுதையும் கலந்த கட்டடமாக இருந்தது என்பது தானே விளங்கும். மண்டகப்பட்டுக் குகை வாயிற்காவலர் உருவங்களைத் தவிரப் பெரிதாக அணி பூணாதது. தளவானூரில் உள்ள சத்துருமல்லேசுவரம் என்னும் குகைக்கோயிலுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அதன் முகப்பில் மகரதோரணம் வளைந்து நிற்கிறது. அதாவது, முதலையும் யானையும் மீனும் கலந்த மகரம் என்னும் கற்பனை விலங்கின் வாயிலிருந்து எழும் வளைவு தூணுக்குத் தூண் தொங்கும் மாலையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. மேலே கொடுங்கையில், அதாவது மழைநீரை வெளியே தள்ளுவதற்காக வளைந்து முன்நீளும் கூரை விளிம்பில், கூடுகள் வரிசையாக உள்ளன. கூடு என்பது குதிரை லாடம் போன்ற சிறு வளைவு. ஓலைக்கூரையின் முகப்பில் மரத்தால் அமைந்த சாளரத்தின் நினைவாகக் கல்லில் எஞ்சியது. அதன் நடுவே சில இடங்களில் மனிதத்தலை எட்டிப்பார்க்கும். பனமலையில் ராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலில், தவிர்க்கப்பட்ட சுண்ணாம்பு பூச்சாகத் திரும்பி வந்து, அதன்மேல் குடை நிழலில் நிற்கும் தேவியின் ஓவியத்தைத் தாங்குகிறது. செஞ்சியில் நாயக்கர் காலச் சிற்பி எழுத்தறியாமல் கூடப் பின்பற்றிய பல வடிவங்களின் தொடக்கத்தை இந்தச் சுற்றுவட்டாரத்துக் குன்றுகளிலேயே காணலாம்.

செஞ்சியின் அணிகலன்களைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான மிகப் பழைய விவரிப்புகளுள் ஒன்று கட்டடத்தைப் பற்றியதன்று. அரசனின் உடலைப் பற்றியது. 1597இல் இயேசு சபைப் பாதிரியாரான நிக்கோலஸ் பிமெண்டா செஞ்சிக்கு வந்து, அப்போது ஆண்டுகொண்டிருந்த கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு எழுதிய கடிதத்தைச் சாமுவேல் பர்ச்சாஸ் 1625இல் வெளியிட்ட பயணத் தொகுப்பில் ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தார். பட்டுக் கம்பளத்தில் இரண்டு திண்டுகளின்மேல் சாய்ந்திருந்த நாயக்கரின் நீண்ட பட்டாடை, முத்தும் மணியும் பதித்து மார்பில் தொங்கிய சங்கிலி, உச்சியில் முடிந்த நீள்கூந்தலில் சூடிய முத்து என எல்லாவற்றையும் அவர் வரிசையாகச் சொல்கிறார். நகரின் பெருமையைச் சொல்லும்போது, லிஸ்பனைத் தவிரப் போர்த்துகலில் இதற்கு இணையான நகரில்லை என்கிறார். இவ்வளவு நுட்பமாக ஆளை நோக்கிய கண், நாயக்கர் அமர்ந்திருந்த இடத்தின் தூணையோ விதானத்தையோ பற்றி ஏறக்குறைய மௌனமாக இருந்துவிட்டது. அன்றைய ஐரோப்பிய எழுத்தாளருக்கு அணிகலன் என்றால் உடலில் பூணுவதற்கான சொற்கள் தாராளமாக இருந்தன. தென்னிந்தியத் தூணைப் பகுத்துச் சொல்வதற்கான சொற்கள் இன்னும் உருவாகவில்லை. அதே பயணத்தில் பிமெண்டா சிதம்பரத்தில் கோவிந்தராசப் பெருமாள் சன்னதியைக் கிருஷ்ணப்ப நாயக்கர் புதுப்பித்துக்கொண்டிருந்ததையும், அதை எதிர்த்துச் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதையும் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். செஞ்சி நாயக்கர்கள் திருப்பணிக்கு எவ்வளவு முதன்மை தந்தனர் என்பதற்கு அதைவிட நேரான சான்று தேட வேண்டியதில்லை.

கீழ்க்கோட்டையில் உள்ள வெங்கடரமணர் கோயில் அந்தத் திருப்பணி மரபின் செஞ்சி எச்சங்களில் மிகப் பெரியது. நாயக்கர் ஆட்சிக்காலத்தில் முத்தியாலு நாயக்கன் கட்டியதாக வழங்கும் இக்கோயிலின் கோபுர வாயிலின் உட்சுவர்களில் பாற்கடல் கடைதலும், திருமாலின் அவதாரங்களும், இராமாயண நிகழ்ச்சிகளும் சிறு சிறு கட்டங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இவ்வகை வாயில்களில் நிலையின் ஓரமாகக் கொடியைப் பற்றி நிற்கும் பெண்ணின் உருவமும், அவள் கையிலிருந்து மேலேறி வளையும் கொடிக்கருக்கும் விஜயநகர மரபின் அடையாளங்கள். கொடிக்கருக்கு என்பது வளைந்து வளைந்து செல்லும் கொடியின் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் இலையையோ பூவையோ விலங்கையோ அடக்கிச் செதுக்கும் வேலை.

தூணுக்கு வந்தால் சிற்பியின் சொல்வளம் பெருகுகிறது. அடியில் சதுரம், அதன்மேல் எட்டுப் பட்டையாகவோ பதினாறு பட்டையாகவோ இழைத்த கட்டு, மீண்டும் சதுரம், மீண்டும் கட்டு என மாறி மாறி அமைவது விஜயநகர காலத் தூணின் பொது உடம்பு. சதுரம் பட்டையாக மாறும் மூலையில் படமெடுத்த பாம்பாகச் செதுக்கப்படுவது நாகபந்தம். சதுரங்களின் முகப்பில் தெய்வ உருவமோ, ஆடல் மகளோ, வெறும் பூவட்டமோ இருக்கும். மேலே சென்றால் கலசம், தாடி, கும்பம், இதழ், பலகை என ஒன்றன்மேல் ஒன்றாக உறுப்புகள் அமைகின்றன. கும்பம் குடம்போல் திரண்ட பகுதி. இதழ் அதன்மேல் விரியும் தாமரை. பலகை பாரத்தை ஏந்தும் மெல்லிய சதுரக்கல். அதற்கும் மேல் உத்தரத்தைத் தாங்க இருபுறமும் அல்லது நாற்புறமும் கை நீட்டுவது போதிகை. சிறுதூண்களை ஒட்டிவைத்தாற்போல ஒரே கல்லில் செதுக்கப்பட்ட பெருந்தூண் அணியொட்டிக்கால் எனப்படும். இவற்றுள் எந்த ஒன்றையும் சிற்பி பொதுவாக அலங்காரம் என்று சொல்வதில்லை. அலங்காரம் அவனுக்கு உற்சவமூர்த்திக்குச் செய்வது. தூணில் இருப்பது உறுப்பு. உறுப்புக்கு அளவுண்டு, இடமுண்டு, பெயருண்டு. ஆங்கிலத்தில் அழகுபடுத்துதலுக்குப் பொதுச்சொற்கள் ஏராளமாகவும், இந்தியத் தூணின் தனி உறுப்புகளுக்குச் சொற்கள் அரிதாகவும் இருந்த நிலையில், பிற்காலத்தில் அதை எழுத முற்பட்டோர் பட்ட இடர்ப்பாடு இதிலிருந்து எளிதில் புலப்படும்.

கல்வேலை கோபுரத்தின் அடித்தளத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் எழும் நிலைகள் செங்கல்லாலானவை. அவற்றின் கூடமும் சாலையும் பஞ்சரமும், அதாவது சதுரக் கூரையும் நீள்கூரையும் குறுகிய கூரையும் கொண்ட சிறு கோயில் வடிவங்களும், அவற்றினிடையே நிற்கும் உருவங்களும் சுதையால் ஆனவை. இந்த வேலைக்குச் சுண்ணாம்பு கடற்கரைக் கிளிஞ்சலிலிருந்தோ வயற்காட்டுச் சுக்காங்கல்லிலிருந்தோ கிடைத்தது. காளவாயில் சுட்டு, நீர் தெளித்து நீற்றி, சலித்து, மணலோடு கலந்து, கல்செக்கில் மாடு கட்டி நாட்கணக்கில் அரைத்து, பிறகு குழிகளில் ஊறவைத்துப் புளிக்கவிட்டனர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லப்பாகும் சேர்த்தால் சாந்து இறுகும்போது வெடிப்பு குறையும், நீர் உட்புகாது என்பது கொத்தனாரின் அனுபவ அறிவு. மேற்பூச்சுக்கு மணல் குறைத்து, முட்டை வெள்ளைக்கருவோ தயிரோ சேர்த்து, வழவழப்பான கூழாங்கல்லால் ஈரம் காயுமுன் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினர். உருவத்தைச் செய்வோர் முதலில் செங்கல் துண்டுகளை அடுக்கிக் கூட்டை எழுப்பி, அதன்மேல் தடித்த சாந்தால் உடலையும், பின்பு நுண்சாந்தால் கண், மூக்கு, ஆபரணம் ஆகியவற்றையும் கூட்டுவர். கல்லில் வேண்டாததைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். சுதையில் வேண்டியதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இதனால்தான் கல்லில் அளவோடு நிற்கும் கூடும் பூதமும் கோபுரத்தின் மேல்நிலைகளில் பொங்கிப் பெருகுகின்றன. சுதைக்கு ஆயுளும் குறைவு. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை கும்பாபிஷேகம் செய்து புதுப்பிக்கும் வழக்கத்தை மனத்தில் கொண்டே இக்கலை வளர்ந்தது. பூசையும் புதுப்பிப்பும் அற்றுப்போன கோயிலில் அது முதலில் உதிரும். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் கோபுரங்களில் உருவங்கள் தலையும் கையும் இழந்து செங்கல் தெரிய நிற்பதற்குப் பீரங்கியைவிட இந்தப் பராமரிப்பின்மையே பெருங்காரணம் என்று கருத இடமுண்டு.

நாயக்கர் அரண்மனைக் கட்டடங்களில் வேறொரு சொல்வரிசை தலைகாட்டுகிறது. கல்யாண மஹால் என்று வழங்கும் கட்டடத்தில், நாற்புறமும் அறைகள் சூழ்ந்த சதுர முற்றத்தின் நடுவே நிலைமேல் நிலையாக எழும் கோபுரம் ஒன்று கூம்பிய கூரையோடு நிற்கிறது. ஒவ்வொரு நிலையிலும் நடு அறையைச் சுற்றி வளைவுகள் கொண்ட தாழ்வாரம் ஓடுகிறது. கிருஷ்ணகிரி உச்சியில் உள்ள தர்பார் மண்டபமும் வளைவும் குமிழ்க்கூரையும் கொண்டது. உத்தரத்தின்மேல் உத்தரம் வைத்துக் கட்டும் கோயில் மரபில் உண்மையான வளைவுக்கு இடமில்லை. அது தக்காணச் சுல்தான்களின் கட்டடங்களிலிருந்து விஜயநகரத்தின் அரண்மனைப் பகுதிக்கு வந்து, அங்கிருந்து நாயக்கர் நகரங்களுக்கு இறங்கியது. ஹம்பியின் தாமரை மஹாலில் கோயில் கொடுங்கையும் பல்வளைவும் ஒரே சுவரில் கலந்திருப்பதைக் காணலாம். மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலில் அந்தக் கலப்பு உச்சத்தை எட்டியது. தமிழ்க் கொத்தனார் இந்த வடிவத்தைப் பாரசீகச் சொல்லாலேயே கமான் என்றார். வில் என்பது அதன் பொருள். மஹால், மினார், தர்பார் என்பனவும் அவ்வாறே புகுந்தவை. கீழ்க்கோட்டையில் 1717–18ஐச் சேர்ந்த பாரசீகக் கல்வெட்டோடு நிற்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசல், இவ்வடிவங்கள் செஞ்சியில் எவ்வளவு இயல்பாகத் தங்கிவிட்டன என்பதைக் காட்டும் பிற்காலச் சான்று. காலம் ஐயமின்றித் தெரிந்த மிகச் சில செஞ்சிக் கட்டடங்களில் அது ஒன்று என்பதும் குறிக்கத்தக்கது. அணிவேலைக்கு மத எல்லை இருந்ததாக அக்காலக் கொத்தனார் கருதியதற்கு அடையாளம் எதுவும் இக்கட்டடங்களில் இல்லை.

ஆங்கிலேயருக்கு முதலில் செஞ்சி ஒரு போர்க்களம். ராபர்ட் ஆர்ம் 1763இல் வெளியிடத் தொடங்கிய கர்நாடகப் போர்களின் வரலாற்றில் அது குன்றுகளாலும் மதில்களாலும் ஆனது. கோயில் அதில் வெறும் அடையாளக்குறி. அதே ஆண்டுகளில் சென்னையில் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் மாளிகைகளின் செங்கல் தூண்களைப் பளிங்குபோல மினுக்கத் தென்னாட்டுச் சுண்ணாம்புப் பூச்சைக் கையாண்டு, அதற்குச் சுண்ணத்தின் உருவையே சிதைத்துச் சுணம் என்று பெயரிட்டுத் தம் மொழியில் சேர்த்துக்கொண்டனர். கட்டடக்கலையில் தமிழ்நாட்டிலிருந்து ஆங்கிலம் இவ்வளவு முழுமையாக ஏற்றுக்கொண்ட சொல் மிகக் குறைவு. பூச்சின் பெயர் இவ்வாறு ஏறியது. பூச்சில் வனைந்த உருவங்களின் பெயர்கள் வெளியே நின்றுவிட்டன.

அவற்றை உள்ளே அழைத்த முதல் முயற்சி ராம் ராஜுடையது. தஞ்சாவூரைச் சேர்ந்தவரும், பெங்களூரில் நீதிபதியாகப் பணியாற்றியவருமான அவர் எழுதிய இந்துக்களின் கட்டடக்கலை பற்றிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1834இல் லண்டனில் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டியால் 48 படத்தகடுகளுடன் வெளியிடப்பட்டது. சிற்ப நூல்களின் ஏடுகளைத் தேடித் திரட்டிய ராம் ராஜ், ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதிலுள்ள கலைச்சொற்களை விளங்கிக்கொள்ள முடியவில்லை என்பதைக் கண்டு, செய்முறையும் சொல்வழக்கும் தெரிந்த கம்மாளர் மரபுச் சிற்பி ஒருவரின் துணையை நாடினார். ஏட்டில் உள்ள வடசொல்லுக்குப் பொருள் சிற்பியின் பட்டறையில்தான் இருந்தது. அந்தச் சொற்களை ஆங்கில வாசகருக்கு விளங்கவைக்க ராம் ராஜ் மேற்கொண்ட வழி, கிரேக்க–ரோமானியக் கட்டடக்கலையின் உறுப்புகளோடு ஒப்பிடுவது. உபபீடம் பெடஸ்டல் ஆயிற்று. அதிட்டானம் பேஸ் ஆயிற்று. பிரஸ்தரம், அதாவது தூணுக்கும் கூரைக்கும் இடைப்பட்ட உத்தரமும் கொடுங்கையும் சேர்ந்த பகுதி, என்டாப்ளேச்சர் ஆயிற்று. தூணின் உயரத்தை அதன் குறுக்களவின் மடங்குகளாகக் கணித்து, ஐரோப்பியர் தங்கள் தூண்களை டோரிக், அயோனிக் என்று பிரிப்பதுபோல இந்தியத் தூண்களையும் வகைப்படுத்தினார். ஒப்பீடு தந்த மதிப்பு பெரிது. காரணம், இந்தியக் கட்டடத்திற்கும் இலக்கணம் உண்டு என்பதை அக்காலத்து லண்டன் ஏற்கும் ஒரே மொழியில் அவர் சொன்னார். அதற்குத் தந்த விலையும் உண்டு. கிரேக்கத்தில் இணையில்லாத போதிகையும் நாகபந்தமும் கூடும் அந்தத் திட்டத்தில் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டன. செஞ்சித் தூணின் உயிர்நாடி அவற்றில்தான் இருக்கிறது.

1876இல் வெளியான ஜேம்ஸ் பெர்குசனின் இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை வரலாறு தென்னாட்டுக் கோயில்களுக்குத் திராவிடம் என்ற வகைப்பெயரை நிலைநிறுத்திய நூல். அவர் கட்டடங்களைப் பார்த்துப் பகுத்தவர். சிற்பிகளோடு பேசிச் சொல் கற்றவரல்லர். கோபுரத்தின் மேல் நிரம்பிய உருவங்களை அளவுக்கு மீறியவையாகக் கருதும் போக்கு அவர் காலத்து ஆங்கில எழுத்தில் பரவலாக இருந்தது. பகுதிகளுக்குப் பெயர் தெரியாத கண்ணுக்குத் திரள் மட்டுமே தெரியும். திரளாகத் தெரிவது மிகையாகவே தோன்றும். அன்றைய விமர்சகரின் சுவையைக் குறை கூறுவதற்கு முன் அவருக்கிருந்த அகராதியைப் பார்ப்பது நியாயம்.

இதற்கிடையே செஞ்சியின் அணிவேலை கோட்டையை விட்டு வெளியே நடந்தது. வெங்கடரமணர் கோயிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்களில் சில பிரெஞ்சுக்காரரால் புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1870இல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலை நிறுவப்பட்டபோது அதன் பீடத்திற்கும் சூழலுக்கும் பழங்கோயில் கற்கள் பயன்பட்டன. இன்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்றே கூறப்படுகின்றன. இந்த இடப்பெயர்ச்சியைக் கொள்ளை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆராய்ச்சியாளருக்கு அதில் வேறொரு செய்தி இருக்கிறது. மண்டபத்தில் தூண் ஓர் உறுப்பு. அதன் தலையில் போதிகை, அதன்மேல் உத்தரம், அதன்மேல் கொடுங்கை. கடற்கரையில் நிற்கும் தூணுக்கு மேலே வானம். பாரம் தாங்குவதை விட்டுவிட்ட அந்தக் கணத்தில்தான் அது ஆங்கிலமும் பிரெஞ்சும் பொருள்கொண்ட முறையில் வெறும் அலங்காரப் பொருளாக மாறியது.

அதே புதுச்சேரியில்தான் அதன் இலக்கணமும் எழுதப்பட்டது. அங்குப் பிரெஞ்சுக் கல்லூரி ஆசிரியராக இருந்த கப்ரியேல் ழுவோ-துப்ரேய், 1914இல் பாரிசில் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் என்னும் நூலின் கட்டடக்கலைப் பகுதியையும், 1917இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பில் ஆங்கிலத்தில் சுருக்கமாக வந்த திராவிடக் கட்டடக்கலை என்னும் நூலையும் ராம் ராஜின் வழியிலிருந்து விலகி அமைத்தார். கிரேக்கச் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, தம் காலத்தில் கோயில் வேலை செய்துகொண்டிருந்த சிற்பிகளிடம் கேட்டறிந்த போதிகை, கூடு, இதழ், பலகை, கொடுங்கை என்னும் தமிழ்ச் சொற்களை அப்படியே எடுத்தாண்டார். பெயரை நிலையாக வைத்துக்கொண்டு வடிவம் எவ்வாறு மாறிவந்தது என்று பார்த்ததே அவர் செய்த புதுமை. போதிகை பல்லவர் காலத்தில் வளைந்த முகத்தில் அலையலையான வரிகளும் நடுவே ஒரு பட்டையும் கொண்டிருந்தது. சோழர் காலத்தில் அம்முகம் சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முனை நீண்டது. பின்னர் அம்முனை நெளிவுகொண்டு தழைந்தது. விஜயநகர காலத்தில் கீழ்நோக்கித் தொங்கும் பூமொட்டாயிற்று. மதுரை நாயக்கர் காலத்தில் மொட்டு முற்றி, இதழ் விரித்து, காம்போடு தனித்துத் தொங்கியது. சிற்பிகள் வாழைப்பூ முனை என்று சொல்வது இந்த இறுதி நிலையை ஒட்டியது. கூட்டின் உச்சியும் அப்படியே: பல்லவர் காலத்தில் மண்வெட்டி அலகு போன்ற தட்டை முனை, சோழர் காலத்தில் அவ்விடத்தில் சிங்கமுகம். நூற்றாண்டுகளின் ஓட்டத்தை இவ்வாறு ஓர் உறுப்பின் சிறு மாறுதலில் படிக்க முடியும் என்பதைக் காட்டியதால், சாசனமில்லாத கட்டடத்தின் காலத்தைத் தூணைப் பார்த்துச் சொல்லும் வழி பிறந்தது.

செஞ்சிக்கு இந்த முறை பயன்படும் அளவையும் அதன் வரம்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெங்கடரமணர் கோயில் தூண்களில் பூமொட்டுப் போதிகையும் சதுரம்–கட்டு உடம்பும் நாகபந்தமும் ஒருங்கே இருப்பதால் அவற்றை விஜயநகரத்தின் பிற்பகுதிக்கும் நாயக்கர் காலத்திற்கும் உரியனவாகக் கொள்வதில் தடையில்லை. நாயக்கருக்கு முற்பட்ட கோன் வம்சத்தினர் காலம் என்று மரபு சொல்லும் பகுதிகளுக்கு அணிவேலையின் சான்று அவ்வளவு உறுதியாகக் கிடைப்பதில்லை. ஊர்ப்புறச் சிற்பி தலைநகரின் புதுமையை ஒரு தலைமுறை தாமதித்து ஏற்பதும், பழைய தூணைப் புதிய மண்டபத்தில் மறுபடியும் நிறுத்துவதும் தென்னாட்டில் வழக்கமானவை. இடித்த கோயிலின் கற்களை மதிலிலும் மதிலின் கற்களைக் குளக்கரையிலும் பயன்படுத்திய ஊரில் ஒரே ஒரு தூணை வைத்துக்கொண்டு ஆட்சியாளர் பெயரைச் சொல்வது துணிச்சல். கல்யாண மஹால் போன்ற கட்டடங்களில் வளைவின் வகையை மட்டும் வைத்து நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர் என்று பிரித்துப் பங்கிடும் முயற்சிகள் இந்தத் துணிச்சலின் வகையைச் சேர்ந்தவை. அங்கே சுதை வேலை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டதால் முறையின் சரிபாதிக் கருவி கையில் இல்லை. 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு ஆட்சியாளரைப் பற்றி அத்தனை நிறைவாக எழுதியும், கட்டடங்களைப் பற்றிய பகுதியில் எச்சரிக்கையோடு நடந்துகொண்டதற்குக் காரணம் இதுவே.

ழுவோ-துப்ரேய் ஆங்கில நூல்களுக்குள் கொண்டுவந்த தமிழ்ச் சொற்கள் நிலைத்தனவா என்று பார்த்தால் விடை கலவையானது. மைக்கேல் மைஸ்டரும் எம். ஏ. டாக்கியும் பதிப்பித்து 1983இல் வெளிவந்த இந்தியக் கோயிற்கட்டடக்கலைக் கலைக்களஞ்சியத்தின் தென்னிந்தியத் தொகுதி உறுப்புகளின் பெயர்களைப் பெரும்பாலும் வடமொழிச் சிற்ப நூல்களிலிருந்தே கொண்டது. நாடு முழுவதற்கும் ஒரே கலைச்சொல் தேவைப்பட்ட இடத்தில் அந்தத் தேர்வு விளங்கக்கூடியது. அதனால் கொடுங்கை கபோதமாகவும், கூடு நாசியாகவும் மாறிய உலகத்தில், செஞ்சிக் கோயிலில் வேலை செய்த கம்மாளரின் வாய்ச்சொல் அடிக்குறிப்புக்கு இறங்கியது. தமிழில் எழுதும் ஆசிரியர்களும் பலர் இப்போது ஆங்கில நூலிலிருந்து கபோதத்தைப் படித்து எழுதுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கொத்தனாரோ கொடுங்கை என்பதை விட்டுக் கார்னிஸ், மோல்டிங் என்கிறார். இரு முனைகளிலும் தேய்ந்துகொண்டிருக்கும் சொற்களை இன்று நடைமுறையில் காப்பது பெரும்பாலும் மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பக்கலைப் பயிற்சி நிறுவனமும், அங்குப் படித்துத் திருப்பணிக்குச் செல்லும் தபதிகளும்தான். அங்குக் கல், மரம், உலோகம் ஆகியவற்றோடு சுதையும் தனிப்பிரிவாகக் கற்பிக்கப்படுகிறது.

செஞ்சிக்கோ இன்னொரு வகைப் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. 1921இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டு இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் இக்கோட்டை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலவமைப்புகள் என்னும் தொகுப்பின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அத்தொகுப்பில் சேர்ந்த ஒரே கோட்டை அதுவே. தேர்வுக்கு அடிப்படையாக அமைந்தவை மலையும் மதிலும் அரணும் பதினேழாம் நூற்றாண்டு முதலான போர்முறையும். பூமொட்டுப் போதிகையும் கொடிக்கருக்கும் கோபுரச் சுதையும் அக்காலத்திற்கு முற்பட்டவை, அந்த நோக்கத்தின் வெளியிலும் நிற்பவை. பட்டியலின் பேரால் வரும் பராமரிப்பு மதிலுக்குப் போய்ச் சேரும் அளவுக்கு வெங்கடரமணர் கோயில் கோபுரத்தின் எஞ்சிய சுண்ணாம்புக்கும் போய்ச் சேருமா என்பது, செங்கல்லின் இடுக்கில் வேர்விடும் ஆலங்கன்றுகள் எவ்வளவு விரைவாகப் பிடுங்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது.